ஐவரி நிறமும் அப்பத்தாவும்

கல்யாண மேடை, வாசல், வரவேற்பு மேசை, மணமக்களின் உடை என அனைத்தையும் ஒரே வண்ணத்துக்குள் அல்லது ஒரே கற்பனைக்குள் கொண்டுவருவதைத் தேனிப் பக்கத்து அலங்காரக்காரர்கள் 'தீம்' என்கிறார்கள். தேனி, போடி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் ஆகிய ஊர்களின் மண்டபங்களில் காணக்கூடிய வகைகளில் முக்கியமானவை மூன்று. வெளிர் ரோஸும் ஐவரியும் கலந்தது முதல் வகை. பச்சை இலைகளுக்கு நடுவே மஞ்சள் பல்புகள் தொங்குவது இரண்டாவது. சிவப்பும் தங்கமுமாகச் சிம்மாசனம் போட்டு 'ராயல்' என்று பெயர் சூட்டுவது மூன்றாவது. மூன்றுக்கும் பொதுவாக எங்காவது ஒரு இதய வடிவ வளைவு இருக்கும். மணமக்கள் அத்தை மகனும் மாமன் மகளுமாக, மூக்கொழுகிய காலத்திலிருந்து ஒருவரையொருவர் அறிந்தவர்களாக இருக்கலாம். ஆனாலும் அந்த வளைவுக்குள் நெற்றியோடு நெற்றி ஒட்டி நின்றால்தான் காதல் செல்லுபடியாகும் என்பது போட்டோகிராபரின் சட்டம்.

இந்தப் பழக்கம் வடக்கேயிருந்து இன்ஸ்டாகிராம் வழியாக நேற்று வந்து இறங்கியது என்று பெரியவர்கள் குறைப்படுவதுண்டு. பழைய இலக்கியம் அவர்கள் பக்கம் இல்லை. அகநானூற்றின் 86-ஆம் பாட்டில் நல்லாவூர் கிழார் ஒரு கல்யாண வீட்டைக் காட்டுகிறார். வரிசையாகக் கால் நட்ட பெரும் பந்தல், பரப்பிய புதுமணல், ஏற்றிய விளக்கு, தொங்கவிட்ட மாலை, உளுந்து போட்டுச் சமைத்த சாப்பாடு என எல்லாம் இருக்கின்றன. வண்ணம் என்ன என்பதை மட்டும் புலவர் சொல்லவில்லை. அந்தக் குறையைச் சிலப்பதிகாரம் தீர்க்கிறது. கோவலன், கண்ணகி திருமணச் செய்தியை யானை மேல் ஏறிய பெண்கள் புகார் நகரெங்கும் சொல்லி வந்தார்கள். ஃபிளக்ஸ் வராத காலம். மேடையில் மணி இழைத்த தூண்கள், மேலே நீல விதானம், முத்துப் பந்தல். நீலம், வெள்ளை என்று தீர்மானித்து, இடையில் யாரும் கெடுக்காமல் முடித்த தீம் கல்யாணம் தமிழில் இதுவாகத்தான் இருக்க வேண்டும். அந்த இல்லறம் போன போக்கும் எல்லோருக்கும் தெரியும். கண்ணகிக்குக் கோயில் இருப்பது கம்பம் பள்ளத்தாக்கின் விளிம்பில், கூடலூருக்கு மேலே மங்கலதேவி மலையில். சித்ரா பௌர்ணமி அன்று ஒரு நாள் மட்டும் தமிழகமும் கேரளமும் சேர்ந்து வழி விடுகின்றன. மேடைக்கு எவ்வளவு செலவழிக்கலாம் என்று முடிவெடுக்க முடியாதவர்கள் பளியன்குடி வரை போய் அந்த மலையை ஒரு முறை அண்ணாந்து பார்த்துவிட்டு வரலாம்.

வண்ணத்தைத் தேர்ந்தெடுப்பது மணப்பெண். தேர்ந்தெடுக்கும் கருவி செல்போன். எங்கோ ராஜஸ்தான் அரண்மனையில் நடந்த ஒரு நடிகையின் கல்யாணப் படத்தைப் பெண் காட்டுகிறாள். "இதே மாதிரி வேணும்ணே" என்கிறாள். அலங்காரக்காரர் மறுப்பதே இல்லை. அரண்மனையைத் தவிர மற்றதெல்லாம் செய்துவிடலாம் என்கிறார். சிக்கல் கல்யாணத்துக்கு முந்தின நாள் மாலை தொடங்குகிறது. மேடையைப் பார்க்க அழைத்துவரப்பட்ட அப்பத்தா, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "என்னய்யா இது, துணியெல்லாம் சாயம் போயிக் கெடக்கு" என்கிறார். ஐவரி என்பது தனி நிறம் என்ற விளக்கம் அவரிடம் எடுபடுவதில்லை. மங்கல காரியத்தில் வெள்ளை ஆகாது என்பது அவர் கட்சி. மாப்பிள்ளை தலைமுதல் கால்வரை வெள்ளை உடுத்தி நிற்பதை அவர் கணக்கில் எடுப்பதில்லை. தேனி அல்லிநகரத்தில் பிறந்த பாரதிராஜா கனவுப் பாட்டுகளில் வெள்ளுடைத் தேவதைகளை வரிசையாக நிறுத்தி, வெள்ளைதான் காதலின் நிறம் என்று ஒரு தலைமுறைக்கே கற்றுக்கொடுத்துவிட்டார். அவருடைய சொந்த ஊரில் அந்தப் பாடம் அப்பத்தாக்களைச் சென்றடையவில்லை. கடைசியில் மேடையின் இரு ஓரங்களிலும் சிவப்புப் பூப்பந்து ஒன்று தொங்கவிடப்பட்டு உடன்பாடு ஏற்படும்.

பெண்ணும் அப்பத்தாவும் ஒத்துப்போன பிறகும் இறுதி முடிவு இன்னும் பூச்சந்தையின் கையில் இருக்கிறது. சின்னமனூருக்குப் பக்கத்தில் சீலையம்பட்டியில் பூச்சந்தை உண்டு, ஆண்டிபட்டியிலும் உண்டு. தை மாத முகூர்த்தங்களில் பனியால் மல்லிகை வரத்து குறைந்து, கிலோ ஆயிரங்களில் போகும். அப்போது மல்லிகைத் திரை கேட்ட வீட்டாருக்குத் திரை கிடைக்காது, ஓரத்தில் ஒரு கரை கிடைக்கும். ஆனியில் விலை இறங்கும், காற்று ஏறும். மேற்கு மலை இடுக்குகளில் புகுந்து வருகிற தென்மேற்குக் காற்றுக்கு ஃபிரில் துணியும் பலூன் வளைவும் ஒரு பொருட்டே இல்லை. திறந்தவெளி வரவேற்பு வைக்கும் துணிச்சல்காரர்கள் பின்திரையில் ஓட்டை போட்டுக் காற்றுக்கு வழி விடுகிறார்கள். ஆவணியில் முகூர்த்தமும் ஓணமும் ஒன்றாக வந்துவிடும். அத்தப்பூக் கோலத்துக்காகச் செண்டுமல்லி மூட்டை மூட்டையாகக் குமுளி மலை ஏறிப் போய்விட, மஞ்சள் தீம் கேட்ட கல்யாண வீட்டில் விலையைக் கேட்டு முகம்தான் வெளிறும். வைகாசி ஒன்றுதான் யோக்கியமான மாதம். அதில் மண்டபம் கிடைக்காது.

இதைவிடப் பெரிய முரண் ஒன்று உண்டு. பள்ளத்தாக்கு மண்ணில் விளையும் பூக்களுக்கு அடக்கமாக இருக்கத் தெரியாது. கோழிக்கொண்டை, செண்டுமல்லி, செவ்வந்தி, வாடாமல்லி எல்லாம் கண்ணில் அடிக்கிற ஜாதி. வெளிர் தீமுக்கு இவற்றில் ஒன்றும் பயன்படாது. அதனால் ஓசூர்ப் பக்கத்துப் பசுமைக்குடிலில் வளர்ந்த ஜெர்பராவும் கார்னேஷனும் பெட்டியில் அடைத்து இரவு முழுக்கப் பயணம் செய்து வருகின்றன. பணம் கொஞ்சம் குறைந்தால் துணிப்பூ. துணிப்பூவுக்கு வாசனை இல்லை என்பதால், அதன் மேல் ஒருவர் மல்லிகை சென்ட் அடித்துவிட்டுப் போகிறார். மண்டபத்தின் ஜன்னலுக்கு வெளியே உண்மையான மல்லிகைத் தோட்டம் இருக்கும் ஊர்களிலும் இது நடக்கிறது.

திராட்சைக்கும் இதே கதிதான். கம்பம், சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, ராயப்பன்பட்டி வட்டாரத்துப் பன்னீர்த் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மற்ற ஊர்களில் பருவத்துக்குத்தான் திராட்சை. இங்கே ஆண்டு முழுக்க ஏதாவது ஒரு தோட்டத்தில் அறுப்பு நடக்கும். கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, கொடியை மேலே படரவிட்ட பந்தலில் கருநீலக் கொத்துகள் தலைக்கு மேல் தொங்கும். எந்த அலங்காரக்காரரும் செய்ய முடியாத மேடை அது. 'கிராமிய தீம்' கேட்பவர்களுக்கு மண்டபத்துக்குள் கிடைப்பதோ பிளாஸ்டிக் இலையும் பிளாஸ்டிக் திராட்சையும். பந்திக்கு வந்த தோட்டக்காரர் ஒருவர் கொத்தைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, "காய் சைஸ் சரியில்லையே" என்று சொல்லிவிட்டுப் போவார். உண்மையான பந்தலுக்கு மணமக்கள் போவது கல்யாணத்துக்கு முந்தைய படப்பிடிப்புக்கு மட்டும். பந்தல் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம்தான் மேலே என்பதால் உயரமான மாப்பிள்ளைகள் எல்லாப் படத்திலும் சற்றுப் பணிவாகவே காணப்படுவார்கள். பெண் வீட்டார் அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொள்கிறார்கள். மருந்து அடித்த மறுநாள் போனால் காதல் பார்வையில் கொஞ்சம் கண்ணீரும் சேரும்.

பச்சைத் தீமுக்குப் போடியில் ஒரு தனி வசதி உண்டு: ஏலக்காய். நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலம் நடக்கிற ஊர் ஆதலால், வசதியுள்ளவர்கள் ஏலக்காய் மாலை கட்டிப் போடலாம். பூமாலையை யாரும் மோந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். ஏலக்காய் மாலை அப்படி இல்லை. வியாபாரிகள் மணமக்களை வாழ்த்தும்போது கண் மாலையில் இருக்கும். எட்டு மில்லிமீட்டருக்கு மேலே இருக்கிறதா என்று கணக்குப் போட்டபடியே கை குலுக்குவார்கள். வரவேற்பு முடிவதற்குள் மாலையின் அன்றைய விலை பந்தி முழுக்கத் தெரிந்துவிடும்.

வாசல் அலங்காரம் தீமுக்குக் கட்டுப்படாத பிரதேசம். இரண்டு பக்கமும் குலை தள்ளிய வாழை, தென்னங்குருத்துத் தோரணம், கூந்தல்பனைக் குலை. இவற்றில் யாரும் கைவைக்க முடியாது. வாழை ஏராளமாக விளையும் மாவட்டம் என்பதால் மரத்துக்குப் பஞ்சமில்லை. எந்த வீட்டு மரத்தில் குலை பெரிது என்பதில் மட்டும் பங்காளிகளுக்குள் போட்டி. வாசலுக்கு வெளியே ஃபிளக்ஸ். உள்ளே எவ்வளவு மென்மையான வண்ணம் இருந்தாலும், ஃபிளக்ஸில் மாப்பிள்ளையின் நண்பர்கள் கறுப்புக் கண்ணாடியோடு, பின்னணியில் புலி உறும, வரிசையாக நிற்பார்கள். சிலவற்றில் மூலையில் பென்னிகுயிக்கும் இருப்பார். முல்லைப் பெரியாறு அணையை 1895-இல் கட்டி முடித்துப் பள்ளத்தாக்குக்குத் தண்ணீர் கொடுத்தவர். வீட்டிலும் கடையிலும் சாமி படத்தோடு படமாக இருப்பவருக்குக் கல்யாணத்தில் இடமில்லாமல் போகுமா? பழுப்பேறிய அந்தப் பழைய படம் மட்டும்தான், தற்செயலாக, ஐவரி தீமோடு ஒத்துப்போகிறது.

தீமைக் கெடுப்பவர்களில் முதலிடம் தாய்மாமனுக்கு. மேளம் முழங்க, தட்டுகள் வரிசை பிடிக்க அவர் சீர் கொண்டுவருகிறார். தட்டுகளை மூடிய வலைத்துணி கிளிப்பச்சை. தீமின் நிறத்தை அவரிடம் முன்கூட்டியே சொல்லியிருக்கலாமே என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். சொல்லலாம். "நான் செய்யிற செய்முறைக்கு நீ கலர் சொல்றியா?" என்று ஆரம்பித்தால் சமாதானப்படுத்த மூன்று தலைமுறை ஆகும். அடுத்தவர்கள் கரை வேட்டிக்காரர்கள். கட்சிக்கு ஒரு கரை வைத்து நெய்த வேட்டியோடு அவர்கள் மேடையேறினால் பின்திரையில் உள்ள வெளிர் ரோஸுக்குக் கூட்டணி கிடைக்காது. எதிரெதிர்க் கட்சிக்காரர்கள் ஒரே படத்தில் மணமக்களின் இருபுறமும் நின்றுவிட்டால், ஆல்பம் செய்பவர் வண்ணத்தைச் சரிசெய்யும் முயற்சியையே கைவிட்டுவிடுவார். அதற்குப் பிறகு மதினிமார். வாடாமல்லி, மயில்கழுத்து, மாம்பழ மஞ்சள், ராமர் பச்சை என்று பெட்டியில் இருக்கும் பட்டெல்லாம் மேடைக்கு வந்தாக வேண்டும். மாப்பிள்ளையின் அக்காவுக்கு ஐவரிப் புடவை எடுத்துக் கொடுத்த வீட்டில் அந்தப் புடவை இன்னும் பிரிக்கப்படாமல் இருக்கிறது.

எந்தத் தீமும் தொடத் துணியாத இடம் மொய் எழுதும் மேசை. முனையில் மஞ்சள் தடவிய நோட்டு, பிள்ளையார் சுழி, எவர்சில்வர் தூக்கு, கணக்கு எழுதத் தெரிந்த ஒருவர், பக்கத்தில் அவரை நம்பாத ஒருவர். மேசைக்கு ஃபிரில் கட்டப் போன அலங்காரப் பையன்களை, காலுக்கு இடம் விட்டுக் கட்டச் சொல்லித் திருப்பி அனுப்புவார்கள். மண்டபத்தில் விளக்கின் வெளிச்சம் உண்மையாகத் தேவைப்படும் இடம் இது; ஆயிரம் பல்பு எரியும் மேடையிலிருந்து ஒன்றும் இங்கே எட்டாததால், கம்பத்தில் ஒரு டியூப்லைட்டைக் கட்டிவிடுகிறார்கள். வெற்றிலைப் பாக்கு, தேங்காய் போட்டுத் தருவது மஞ்சப்பையில். தீம் ஊதாவாக இருந்தாலும் பை மஞ்சள்தான்.

கலைப்பது கட்டுவதைவிட வேகமாக நடக்கும். சாப்பாடு முடிந்து பாத்திரம் எண்ணும் நேரத்தில் பெண்கள் மேடையோரத்து மல்லிகையை உருவித் தலையில் வைத்துக்கொள்கிறார்கள். பலூன்கள் பிள்ளைகளுக்கு, வாழைமரம் முதலில் வந்த ஆட்டுக்காரருக்கு. துணிப்பூக்கள் உதறப்பட்டு மூட்டையாகி, மறுநாள் சடங்கு வீட்டுக்காக மினி லாரியில் ஏறுகின்றன. அங்கே அவை புதிய பூக்கள். மணமக்கள் பெயரின் முதலெழுத்தாக வெட்டிய தெர்மாகோல்களும் பத்திரப்படுத்தப்படும். எஸ், கே, எம், பி, ஆர் ஆகிய எழுத்துகள் முகூர்த்த நாள்களில் ஓய்வின்றி உழைக்கின்றன. எக்ஸ் இன்னும் வெட்டப்படவில்லை. மாலை நான்கு மணிக்கு மண்டபத்து மேனேஜர் சாவிக்கொத்தோடு வந்து சுவரில் அடித்த ஆணி ஓட்டைகளை எண்ணுகிறார். அலங்காரக்காரர் பெண் வீட்டாரைக் கைகாட்ட, பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டாரைக் கைகாட்ட, அவர்கள் ஏற்கெனவே வேனில் ஏறியிருக்க, ஓட்டைக் கணக்கை அட்வான்ஸில் கழித்துக்கொண்டு மேனேஜர் கரண்டு மீட்டரைப் பார்க்கப் போகிறார்.