"ஐஸ் இருக்கா, பாரு!"

சென்ற ஆயுத பூஜைக்கு எங்கள் வீட்டில் பைக், மிக்ஸி, அரிவாள்மனையோடு ஒரு தெர்மோகோல் பெட்டியும் சந்தனம் குங்குமம் வாங்கிக்கொண்டது. மறுநாள் விடுமுறைக்குக் கல்வராயன் மலை போவதாக ஏற்பாடு. மச்சான் மீன்கடையில் சொல்லி வாங்கி வந்த பெட்டி அது. புளி, எலுமிச்சை, சோப்புத்தூள் என்று எதைப் போட்டுத் தேய்த்தும் தன் பூர்வீகத்தை அது மறக்கவில்லை. அத்தை அதைப் பூஜை அறைக்குள் விடாமல் திண்ணையிலேயே வைத்துப் பொட்டு வைத்தார்.

விடிகாலை நான்கு மணிக்கு ஐஸ் கம்பெனி. அங்கிருந்த பெரியவர் ஐஸ் பாரில் பாதியை வெட்டி, உமியைக் கொட்டி, சாக்கில் சுற்றிக் கொடுத்தார். கள்ளக்குறிச்சி பக்கம் அரிசி ஆலைகளுக்குக் குறைவில்லை, உமிக்கும்தான். உமிக்கு நடுவே அடைபட்டு நிற்கும் காற்று வெளிச்சூட்டை லேசில் உள்ளே விடாது. "அப்படியே வைங்க, உடைக்காதீங்க" என்றார்.

மச்சான் எப்படிக் கேட்பார்? "குடிக்கிற சாமானோட உமியா, மாப்ள?" என்று பெட்டிக்கு வேண்டியதை மட்டும் சுத்தியலால் கல்கண்டாக நொறுக்கினார். பெட்டிக்குள் போகாத மிச்சத்தைச் சாக்கோடு திண்ணை ஓரம் தள்ளிவிட்டார். ஐஸை உடைக்க உடைக்கச் சூடு தொடுகிற பரப்பு கூடும். கட்டியாக இருந்தால் நின்று உருகும், பொடியாக இருந்தால் ஓடி உருகும். அதன் மேல், முதல் நாள் முழுக்கக் கடை வாசல் வெயிலில் காய்ந்த பன்னீர் சோடா பன்னிரண்டை அடுக்கினோம். ஒரு கிராம் ஐஸ் உருக 80 கலோரி வெப்பம் வேண்டும். அதே ஒரு கிராம் தண்ணீரைப் பூஜ்ஜியத்திலிருந்து 80 டிகிரிக்குக் கொண்டுபோகிற சூடு அது. ஐஸ் அப்படி லேசில் உருகுகிற ஆசாமி இல்லைதான். ஆனால் அதன் பலத்தில் பெரும்பகுதி, வண்டி கிளம்பும் முன்னே சோடாவைச் சமாதானப்படுத்துவதில் போய்விட்டது.

மிச்சத்தை நாங்கள் பார்த்துக்கொண்டோம்.

கச்சிராயபாளையம் வருவதற்குள் என் மகள், "சில்லுனு ஆயிடுச்சா?" என்று திறந்தாள். கோமுகி அணையில் மச்சான் திறந்தார். அணையைக்கூட அவர் அவ்வளவு நேரம் பார்க்கவில்லை. மலை ஏறும் இடத்தில் வண்டியை மறித்த போலீஸ்காரர் திறக்கச் சொன்னார். இந்த மலைக்கு ஒரு பெட்டி ஏறினாலும் இறங்கினாலும் உள்ளே என்ன என்று கேட்கத்தான் செய்வார்கள். கள்ளச்சாராயப் பயம்தான், எங்கள் மாவட்டத்தில் யாருக்கும் அதைச் சொல்லத் தேவையில்லை. அவர் குனிந்து பார்த்தார், மோந்தார், முகம் சுளித்து, "மீனா?" என்றார். "சோடா சார்" என்றோம். அவர் நம்பவில்லை. நான்கு பாட்டிலை வெளியே எடுத்துக் காட்ட வேண்டியதாயிற்று. கொண்டை ஊசி வளைவுகளில், வளைவுக்கு ஒருமுறை என் மனைவி, "ஐஸ் இருக்கா, பாரு" என்றாள். பார்த்தோம். ஐஸ் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் ஐஸ் இல்லாமல் போகக் காரணம் என்பதை அவளிடம் சொல்லும் துணிச்சல் வண்டியில் யாருக்கும் இல்லை, எனக்கு நிச்சயமாக இல்லை.

இத்தனைக்கும், 1833இல் ஃப்ரெடெரிக் டியூடர் என்ற அமெரிக்க வியாபாரி பாஸ்டனிலிருந்து கல்கத்தாவுக்குக் கப்பலில் ஐஸ் அனுப்பினார். நான்கு மாதப் பயணம். ஏற்றியது 180 டன். வந்து சேர்ந்தது ஏறக்குறைய 100 டன். பிறகு சென்னைக்கும் ஐஸ் வந்து, 1842இல் கடற்கரை ஓரம் அதற்கென்று ஐஸ் ஹவுஸ் கட்டினார்கள். இன்று அது விவேகானந்தர் இல்லம். அந்தக் கப்பல்களில் மரத்தூள் இருந்தது, மோட்டார் இல்லை, தெர்மோகோல் இல்லை. முக்கியமாக, என் மச்சான் இல்லை.

வெள்ளிமலைச் சாலையில் பெரியார் அருவிக்குப் போய்ச் சேர்ந்தபோது பெட்டியில் நெல்லிக்காய் அளவில் ஏழெட்டு ஐஸ் மிதந்தது. "வெறும் தண்ணியில என்ன இருக்கு?" என்று மச்சான் பெட்டியைச் சாய்த்து ஊற்றினார். எல்லாம் அந்தத் தண்ணீரில்தான் இருந்தது. பாட்டிலை இடுக்கு விடாமல் கட்டிப்பிடித்துக் குளிர வைத்துக்கொண்டிருந்தது அதுதான். கொஞ்ச நேரத்தில் சோடா சாதாரணமானது. மூடியைச் சுற்றி மீன் வாசனை மட்டும் புதிதாகச் சேர்ந்திருந்தது. பன்னீர் சோடாவுக்கு நெத்திலி மணம் எடுபடவில்லை.

அத்தை ஒன்றும் பேசாமல் தூக்கைத் திறந்தார். விடிகாலையில் சாதத்தைக் குழைய மசித்து, வெதுவெதுப்பான பாலை நிறைய ஊற்றி, ஒரே ஒரு ஸ்பூன் தயிர் விட்டிருந்தார். வழியெல்லாம் எங்கள் ஐஸைத் தின்ற அதே சூட்டில் அது நிதானமாகத் தயிராகிக்கொண்டு வந்திருக்கிறது. மதியம் ஒரு மணிக்குப் புளிப்புத் தட்டவில்லை. பக்கத்தில் ஈரத்துணி சுற்றிய கூஜா. ஜன்னலோரம் காற்றுப் படும்படி வைத்து, துணி காயக் காயத் தண்ணீர் தெளித்துக்கொண்டே வந்தார். ஒரு கிராம் தண்ணீர் ஆவியாகும்போது, ஒரு கிராம் ஐஸ் உருகுவதைப் போல ஏழு மடங்கு சூட்டை எடுத்துக்கொண்டு போகும். இதை நான் விளக்க ஆரம்பித்தேன். "மாப்ள, ஊறுகா வேணுமா?" என்றார் அத்தை.

இரவு எட்டு மணிக்கு வீடு திரும்பினோம். திண்ணை ஓரம் சாக்கு அப்படியே கிடந்தது. மச்சான் அதை உதறப்போய், "மாப்ள, இங்க வாங்க!" என்று கத்தினார். உமிக்குள், உரித்த தேங்காய் அளவுக்கு ஐஸ்.

நாள் முழுக்க வீட்டில் ஆள் இல்லை.