சுதந்திரக் கட்சி எந்தச் சாதி?

கேள்வி: ராஜாஜியின் சுதந்திரக் கட்சியைச் சிலர் பிற்போக்குத் தீவிரவாதம் என்கிறார்கள், சிலர் தனிமனித சுதந்திரத்தின் பாசறை என்கிறார்கள். தாங்கள் எந்தப் பக்கம்?
- வாசகர், பொள்ளாச்சி

பதில்: தீவிரவாதம் என்ற அபவாதத்தை முதலில் தள்ளிவிடலாம். நாகபுரி காங்கிரஸ் கூட்டுறவு விவசாயத் தீர்மானத்தை நிறைவேற்றிய 1959-ஆம் ஆண்டிலேயே அதை எதிர்த்துப் பிறந்து, தன் 21 கொள்கைகளுக்கு அப்பாற்பட்ட விஷயங்களில் அங்கத்தினர்கள் தத்தம் மனச்சாட்சிப்படி நடக்கலாம் என்று பகிரங்கமாக அனுமதித்த ஒரு கட்சியை, அதில் மகாராஜாக்களும் ஜமீன்தார்களும் இருந்தார்கள் என்பதற்காகத் தீவிரவாதக் கட்சி என்பது நியாயமாகாது. பஞ்சும் பணமும் தொழிலாளியும் கைவசம் இருந்தும், நூற்பாலையில் கதிர்களைக் கூட்டுவதற்கு டில்லி லைசென்ஸை எதிர்பார்த்துக் காத்துக் கிடந்த கோயமுத்தூருக்கு, 'பெர்மிட் லைசென்ஸ் ராஜ்யம்' என்று ராஜாஜி இடித்துரைத்தது அனுபவத்தில் கண்ட சத்தியம்.

ஆயினும், முழுச் சுதந்திரவாதம் என்றும் ஒப்பமாட்டேன். திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையம் ஆசிரமத்திலிருந்து மதுவிலக்குக்கென்றே 'விமோசனம்' பத்திரிகை நடத்தியவரும், 1937-இல் சென்னை மாகாணப் பிரதம மந்திரியானதும் சேலம் ஜில்லாவில் கள்ளுக்கடைகளை மூடியவரும், பள்ளிகளில் ஹிந்தியைக் கட்டாயமாக்கி எதிர்த்தவர்களைச் சிறைக்கு அனுப்பியவரும் அவரே. 1952-இல் உணவுக் கட்டுப்பாட்டை நீக்கிய துணிவை மனமாரப் போற்றுகிறேன். மறு ஆண்டே கிராமப் பிள்ளைகளின் பள்ளி நேரத்தைக் குறைத்து, மிச்சப் பொழுதில் தகப்பன் தொழிலைக் கற்கச் சொன்னதை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. ஆலை முதலாளி எத்தனை கதிர் ஓட்டலாம் என்று சொல்ல உரிமையில்லாத சர்க்காருக்கு, சலவைத் தொழிலாளியின் மகன் பிற்பகலில் என்ன கற்க வேண்டும் என்று சொல்ல மட்டும் உரிமை ஏது?