ஹம் தேருக்கு முன் எம்.ஓ.டி.

தொண்ணூறுகளில் லண்டன் தமிழரின் கார் ஒன்று டோவரில் கப்பலேறும்போது டாஷ்போர்டுப் பெட்டி காகிதங்களால் பிதுங்கும். கராஜின் முத்திரை புடைத்து நிற்கும் எம்.ஓ.டி. என்ற வாகனத் தகுதிச் சான்றிதழ், காப்புறுதிப் பத்திரம், லொக் புக், மடித்து மடித்து மடிப்புகளில் கிழிந்த ஐரோப்பிய வரைபடம். முன் கண்ணாடியில் வட்டமான வரி வில்லை, பின்னால் ஜி.பி. என்ற நீள்வட்ட ஸ்டிக்கர். கார் மட்டும் பழசு. பத்து வயது தாண்டிய கொரோலா, இல்லாவிட்டால் புளூபேர்ட். அது பாரிஸ் வரை போய்ச் சேருமா என்று வீட்டில் எல்லோருக்கும் உள்ளூரப் பயம் இருக்கும். தாள்களைப் பற்றி யாரும் பயந்ததில்லை.

இன்று நிலைமை தலைகீழ். கார்கள் நல்லவை; தவறுவது தேதிதான். வரி வில்லை 2014 ஒக்டோபரோடு ஒழிந்தது. ஜி.பி. எழுத்து 2021 செப்டம்பரில் யு.கே. ஆனது. 2005, 2006 வாக்கில் எம்.ஓ.டி. கணினிக்குள் போய்விட்டது. கராஜில் தரும் தாள் இப்போது ஒரு ரசீது மாதிரித்தான். உண்மையான பதிவு அரசின் தரவுத்தளத்தில் இருக்கிறது. களவெடுத்த வெற்றுச் சான்றிதழ்கள் கைமாறிய காலம் அதோடு முடிந்தது. அது பெரிய நன்மை.

வாகன வரியை பாரிஸ் லா சப்பலில் தோசைக்குக் காத்திருக்கும் நேரத்தில் கட்டிவிடலாம். காப்புறுதியையும் அப்படியே புதுப்பிக்கலாம். முன்பு வரி கட்டத் தபாற்கந்தோர் வரிசையில் தாள்களோடு நிற்க வேண்டும். எல்லாமே கைப்பேசிக்குள் வந்த இந்தக் காலத்தில், பரிசோதனை மட்டும் வரவில்லை. கார் பிரித்தானிய மண்ணில், அனுமதி பெற்ற ஒரு பரிசோதகரின் முன்னால் நிற்க வேண்டும். அவர் சில்லை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும். 1960இல் இது தொடங்கியபோது பத்து வயதுக்கு மேற்பட்ட வாகனங்களின் பிரேக்கையும் விளக்கையும் ஸ்டியரிங்கையும்தான் பார்த்தார்கள். 1967இல் மூன்று வயதானாலே பரிசோதனை என்று ஆனது. அன்றிலிருந்து இன்றுவரை பார்க்க வேண்டியவை கூடிக்கொண்டே போகின்றன; பார்ப்பது மனிதக் கைதான்.

ஜெர்மனியில், டோட்மண்டில் இருக்கும் அண்ணைக்கு இது விளங்குவதே இல்லை. ஹம் நகரக் காமாட்சி அம்பாள் கோயில் தேருக்கு நாங்கள் காரில் போகும் ஒவ்வொரு முறையும் கேட்பார்.

"தம்பி, இஞ்ச ரியூவ்காரர் பாத்தா ஒரு ஆணியும் தப்பாது. அவையிட்டக் காட்டி ஒரு சேர்ட்டிபிக்கட் எடுத்தா உங்கட ஆக்கள் ஏற்க மாட்டினமோ?"

"ஏற்க மாட்டினம் அண்ணை."

"நீங்கள் யூனியனுக்கை இருந்த காலத்திலயும்?"

"அப்பவும் இல்லை."

ஜெர்மன்காரரின் ரியூவ் பரிசோதனை திறத்தில் எங்களுடையதற்குக் குறைந்ததல்ல. ஆனால் எந்த நாட்டில் கார் பதிவாகியிருக்கிறதோ அந்த நாடே அதன் தகுதிக்குப் பொறுப்பு. ஜெர்மனியில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பார்க்கிறார்கள், பிரான்சிலும் அப்படியே. பிரித்தானியாவில் மூன்று வயதான கார் என்றால் ஆண்டுதோறும். அண்ணைக்கு இதைச் சொன்னால், "அப்ப வெளிக்கிட முதலே பாத்துக்கொண்டு வா" என்பார். அவர் சொல்வதுதான் சரி.

எங்கள் உறவுக்குள் ஒரு குடும்பம் ஓகஸ்ட் பள்ளி விடுமுறைக்கு பாரிஸ் போய், அங்கிருந்து சுவிஸ் போனது. இடையில் எம்.ஓ.டி. முடிந்தது. அதே மாதக் கடைசியில் வரியும் முடிந்தது. எம்.ஓ.டி. இல்லாமல் வரி கட்டக் கணினி விடவில்லை. வரியோ எம்.ஓ.டி.யோ இல்லாத கார் பிரித்தானியாவில் மட்டும் சட்டத்துக்குப் புறம்பானதல்ல. சொந்த நாட்டில் தகுதியில்லாத கார் அயல்நாட்டுச் சாலையிலும் தகுதியற்றதுதான். முன்பதிவு செய்த பரிசோதனைக்கு நேராக ஓட்டிப் போகலாம் என்ற விலக்கு உண்டு. பலரும் இதைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். அது பிரித்தானியச் சட்டம் தன் சாலைகளுக்குக் கொடுத்த விலக்கு. டோவர் துறைமுகத்திலிருந்து கராஜ் வரைக்கும் உதவும்; சுவிஸிலிருந்து கலே வரையிலான நெடுஞ்சாலைக்கு உதவாது. அவ்வளவு தூரமும் அந்தக் குடும்பத்தின் தாய் பின் ஆசனத்தில் பிள்ளைகளோடு, ஒரு பொலிஸ் கார் பக்கத்தில் வரும்போதெல்லாம் பேச்சை நிறுத்திக்கொண்டு வந்திருக்கிறார். விடுமுறையில் அவருக்கு நினைவில் நிற்பது அதுதான்.

இதற்கு வழி சட்டத்திலேயே இருக்கிறது. முடிவுத் தேதிக்கு ஒரு மாதம் குறைய ஒரு நாள் முன்பிருந்தே பரிசோதித்துக்கொள்ளலாம். அடுத்த ஆண்டின் தேதி மாறாது. மே 15 முடிகிறதென்றால் ஏப்ரல் 16இலிருந்து. அதற்கும் முன்பு செய்தால் தேதி முன்னால் நகர்ந்து சில வாரங்கள் போகும். போகட்டும் என்றுதான் நான் சொல்வேன். காருக்கான உச்சக் கட்டணமே 54 பவுண் 85 பென்ஸ். நான்கைந்து வாரம் வீணாகிறதே என்று அந்தக் கணக்கைப் பார்ப்பவர்கள், சான்றிதழ் இல்லாமல் ஓட்டினால் 1,000 பவுண் வரை அபராதம் விதிக்கலாம் என்பதையும் அதே தாளில் எழுதிப் பார்க்க வேண்டும்.

ஆனால் அபராதத்துக்காக நான் இதைச் சொல்லவில்லை.

1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடை. பெட்ரோல் கிடையாது. எங்கள் அப்பாவின் ஒஸ்டின் கேம்பிரிட்ஜ் மண்ணெண்ணெயில் ஓடியது. கார்புரேட்டருக்குள் சில துளி பெட்ரோல் விட்டு ஸ்டார்ட் எடுத்து, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெயில் ஓடவிடுவார்கள். தெரு முழுக்கப் புகை. பேறுகாலத்துக்கு ஆஸ்பத்திரிக்கும் கலியாண வீட்டுக்கும் அதே கார். உதிரிப்பாகம் இல்லாத ஊரில் ஒன்றை வெட்டி இன்னொன்றில் பொருத்தி ஓடவைத்த மெக்கானிக்குகளை இன்றும் கைகூப்பி நினைக்கிறேன். "ஓடுதுதானே" என்பது அங்கே பொறுப்பின்மை இல்லை. உயிர் காக்கும் சொல். அந்தச் சொல்லையே எங்கள் தலைமுறை லண்டனுக்கும் கொண்டு வந்தது. யாழ்ப்பாணத்தின் குண்டும் குழியுமான தெருவில் ஊர்ந்த காருக்குப் போதுமானது, ஜெர்மன் நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே மணிக்கு 120 கிலோமீட்டரில் ஓடும் காருக்குப் போதாது.

ஓர் ஆண்டு, ஹம் பயணத்துக்கு முன் விட்ட பரிசோதனையில் பின்பக்க பிரேக் குழாய் துருப்பிடித்திருப்பதைக் கண்டுபிடித்தார்கள். இங்கே குளிர்காலத்தில் பனி உறையாமலிருக்கச் சாலையெங்கும் உப்புக் கொட்டுவார்கள். அது அடியில் ஒட்டி மெல்ல மெல்ல அரிக்கும். ஓட்டும்போது எனக்கு எந்த வித்தியாசமும் தெரிந்ததில்லை. பரிசோதகர், எங்கள் ஊர்ப் பெடியன்தான், லிஃப்டுக்குக் கீழே கூப்பிட்டு விளக்கடித்துக் காட்டினார். "அண்ணை, இதோட கடலுக்கு அங்கால போகாதேங்கோ." குழாயை மாற்றினோம், தேருக்குப் போனோம். 2018 மே மாதத்திலிருந்து குறைகளை ஆபத்தானது, பெரியது, சிறியது என்று வகுத்து எழுதுகிறார்கள். ஆபத்தானது என்று எழுதினால் திருத்தும்வரை அந்தக் காரை ஓட்டக் கூடாது. இதைவிடத் தெளிவாக ஒரு அரசு தன் குடிமகனிடம் பேச முடியாது என்று நினைக்கிறேன்.

கார் போகாமல் ஆள் மட்டும் போவது இன்னொரு வகை. இப்போது ஓய்வுபெற்றவர்கள் பனிக்காலம் தொடங்கியதும் யாழ்ப்பாணம் போய், பங்குனி சித்திரையில் திரும்புகிறார்கள். கார் லண்டன் தெருவோரத்தில் நிற்கும். ஓடாத காருக்கு எதற்கு எம்.ஓ.டி. என்று கேட்கிறார்கள். பொதுத் தெருவில் நிற்பதற்கும் வரி வேண்டும், வரிக்கு எம்.ஓ.டி. வேண்டும். சொந்த முற்றத்தில் இடமிருந்தால், கார் தெருவுக்கு வராது என்ற சோர்ன் அறிவிப்பைக் கொடுத்து நிறுத்திவிட்டுப் போகலாம். இல்லாதவர்கள் பக்கத்து வீட்டாரிடமோ மகளிடமோ சாவியைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். பரிசோதனைக்குச் சொந்தக்காரரே வரவேண்டும் என்றில்லை, கொண்டு போகிறவரின் காப்புறுதி சரியாக இருந்தால் போதும்.

அரசு இலவசமாக நினைவூட்டல் அனுப்புகிறது. கைப்பேசி எண்ணையோ மின்னஞ்சலையோ பதிந்தால் ஒரு மாதம் முன்பே செய்தி வரும். நல்ல ஏற்பாடு. ஆனால் வீட்டில் இருப்பவருக்கானது. ஆறு வாரப் பயணத்துக்குப் புறப்பட்டவருக்கு அந்தச் செய்தி கிடைக்கும்போது அவர் எங்கேயோ இருப்பார். எத்தனை வாரம் முன்பு நினைவூட்ட வேண்டும் என்பதைக் கார்க்காரரே தேர்ந்தெடுக்க விட வேண்டும். தேர் கொடியேறும் நாளையும் விமானச் சீட்டையும் மாதக்கணக்கில் முன்பே தீர்மானிக்கிற எங்களுக்கு இரண்டு மாதம் முன்பே ஒரு குறுஞ்செய்தி வந்தால் போதும், கராஜில் இடம் கிடைக்கும்.