முதலாளியிடம் ‘வேண்டாம்’ சொல்பவர்

கே: எங்கள் நகைக்கடையில் மொத்தமே ஆறு பேர். பணச் சலவைத் தடுப்புக்கு ‘பிரின்சிபல் ஆபீசர்’ ஒருவரை நியமிக்கச் சொல்கிறார் ஆடிட்டர். கணக்கு எழுதும் தம்பியின் பெயரைக் கொடுத்துவிடலாமா? (கோவில்பட்டி வாசகர்)

ப: கொடுக்காதீர்கள். அந்தப் பொறுப்பில் இருப்பவர் நிர்வாக நிலையில் உள்ளவராக இருக்க வேண்டும் என்று 2023-ல் விதியிலேயே எழுதிவிட்டார்கள். நியாயமான விதி. நாலு தலைமுறை வாடிக்கையாளர் பையில் ரொக்கத்தோடு வந்து நிற்கும்போது, “அண்ணாச்சி, இது வேண்டாம்” என்று முதலாளியிடம் சொல்லும் தைரியம் அவருக்கு வேண்டும். சொல்லிவிட்டு மறுநாளும் வேலைக்கு வர முடிய வேண்டும். தம்பிக்கு அந்த இடத்தை நீங்கள் கொடுத்திருக்கிறீர்களா?

கே: நகைக்கடைக்கும் பணச் சலவைத் தடுப்புச் சட்டமா? (ஆரணி வாசகி)

ப: 2020 டிசம்பர் முதல். ஒரே வாடிக்கையாளரிடம் ரொக்கமாக 10 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ, ஒரே தடவையிலோ தொடர்புள்ள பல தடவைகளிலோ வாங்கும் கடைகளுக்கு. ஒரு மோதிரம் வாங்கினாலும் ஆதார் கேட்பார்களோ என்று அப்போது ஊரெல்லாம் பதற்றம். அப்படி இல்லை என்று 2021 ஜனவரியில் நிதி அமைச்சகமே விளக்கிவிட்டது.

கே: ரொக்கமாக 2 லட்சம் வாங்குவதையே வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. பிறகு 10 லட்சம் எங்கிருந்து வரும்? (சேலம் வாசகர்)

ப: அருமையான கேள்வி. துண்டு துண்டாக வரும். ஒரு காலைப் பொழுதை நினைத்துப் பாருங்கள். ஏழு பில், ஏழு பெயர், ஒவ்வொன்றும் 1,90,000 ரூபாய். பெயர்கள்தான் வேறு. ஏழிலும் ஒரே கைபேசி எண். நகையைத் தேர்ந்தெடுத்தவர் ஒரே அம்மாள். வெளியே எல்லாருக்கும் காத்திருந்தது ஒரே கார். கணினிக்கு அது ஏழு சின்ன வியாபாரம். பில் போடும் இடத்தில் கண்ணைத் திறந்து நிற்பவருக்கு 13,30,000 ரூபாயின் ஒரே வியாபாரம். அந்த ஆபீசரின் வேலையே இதுதான். படிவம் நிரப்புவது அதற்குப் பிறகு. சின்னக் கடையில் இது இன்னும் சுலபம் என்பேன். வந்தவர் யார், யாரோடு வந்தார் என்பது ஆறு பேருக்கும் தெரியுமே!

கே: சந்தேகம் வந்தால் வாடிக்கையாளரிடமே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளலாமா? (திருச்சி வாசகர்)

ப: பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம், கேட்கவும் வேண்டும். “உங்களைப் பற்றி அறிக்கை அனுப்பப்போகிறோம்” என்று மட்டும் மூச்சு விடக் கூடாது; அது சட்ட மீறல். அறிக்கை போக வேண்டிய இடம் டெல்லியில் உள்ள நிதிப் புலனாய்வுப் பிரிவு. சந்தேக அறிக்கைக்குத் தொகை வரம்பு கிடையாது. பேன் கார்டு கேட்டதும் நகையை வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டாரா? அந்த முயற்சியையும் எழுதலாம். நல்லெண்ணத்தோடு அனுப்பியவர் மீது வழக்குப் போட முடியாதபடி சட்டம் காக்கிறது.

கே: எங்கள் சீட்டு நிறுவனத்தில் ஒருவர் நாலு சீட்டுப் போட்டிருக்கிறார். எல்லாமே ரொக்கம். முதல் மாதங்களிலேயே பெருந்தொகை தள்ளி எடுக்கிறார். லாபம்தானே? (கும்பகோணம் வாசகர்)

ப: யாருக்கு? அவசரத் தேவை உள்ளவர் தள்ளி எடுப்பது வழக்கம். தேவை என்னவென்றே சொல்லாமல், நாலிலும் நஷ்டத்தை மகிழ்ச்சியோடு ஏற்பவரைக் கவனியுங்கள். உள்ளே போவது கணக்கில்லாத நோட்டு. வெளியே வருவது உங்கள் நிறுவனத்தின் காசோலை. அந்தத் தள்ளுபடி அவர் கொடுக்கும் சலவைக் கூலியாக இருக்கலாம். சீட்டு நிறுவனங்களும் இந்தச் சட்டத்துக்கு உட்பட்டவையே.

கே: தவறினால்? (மதுரை வாசகர்)

ப: ஒவ்வொரு தவறுக்கும் 10,000 முதல் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். நிறுவனத்தோடு முடியாது, பொறுப்பு இயக்குநர், ஊழியர் வரைக்கும் வரலாம். ஆவணங்களை 5 ஆண்டு வைத்திருங்கள்.

கே: நெல் விற்ற பணத்தோடு வரும் விவசாயியைத் திருடனைப் போல விசாரிப்பதா? மனசு கேட்கவில்லை. (தஞ்சை வாசகி)

ப: கேட்கக் கூடாதுதான், அப்படி. வேட்டி கட்டியவரிடம் ஒரு கேள்வி, காரில் வந்தவரிடம் ஒரு சிரிப்பு என்று இருந்தால்தான் அவமானம். எல்லோருக்கும் ஒரே கேள்வி, ஒரே தாள். உட்காரவைத்து, பில் போடுவதற்கு முன்பே கேளுங்கள். நெல் போட்ட ரசீதை அவர் மடியிலிருந்து எடுத்துக் காட்டுவார். அதை நகல் எடுத்துக்கொண்டு கையோடு திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.