கேட்டா கெடைச்சிரும், கேட்டுராதே!

ஏலே பேராண்டி, வா, இப்படித் திண்ணையில இரி. "தென்மாவட்டக் குளங்களும் அரசு நிதியும்"னு பி.எச்டி-க்குத் தலைப்பு எடுத்திருக்கியாம்லா? உங்கம்மை தெரு பூரா சொல்லிட்டா. நல்ல தலைப்பு. தண்ணி குளத்துல இல்லாட்டியும் தலைப்புலயாவது கெடக்கட்டும்.

மெட்ராஸ் யுனிவர்சிட்டி லைப்ரரியில புத்தகம் சுமந்த அட்டெண்டர் நான். படிச்சவன் இல்ல, படிச்சவாள்லாம் எந்த அலமாரி முன்னால முழிப்பாவன்னு பாத்தவன். அதனால சொல்லுதேன், சட்டுபுட்டுன்னு பட்டம் வாங்கப்புடாதுன்னு இருந்தா நூலகர் கிட்ட மட்டும் வாயத் தொறந்துராதே. கேட்டா எடுத்துக் குடுத்துருவாரு. அப்புறம் கேண்டீன்ல உக்காந்து "டேட்டாவே கெடைக்கல"ன்னு எப்படிப் பொலம்புவே? 1924-ல அங்க மொதல் நூலகரா வந்த ரங்கநாதன், வாசகனோட நேரத்த மிச்சம் பண்ணணும்னு ஒரு விதியே வச்சிட்டுப் போயிட்டாரு. நேரம் மிச்சமானா உன் ஸ்காலர்ஷிப் என்னலே ஆவும்?

கேட்லாக்குல மந்திரி பேரப் போட்டுத் தேடு. கெடைக்காது. அரசாங்கப் புத்தகத்துக்கு அரசாங்கந்தான் ஆசிரியர்; மாநிலத்துப் பேரு முன்னால, துறை பின்னால. அந்த மாநிலத்துப் பேருலயும் ஒரு கண்ணி உண்டு. 1969 ஜனவரிக்கு முந்தினதெல்லாம் 'மெட்ராஸ்'ங்கற தலைப்புல நிக்கும். 'தமிழ்நாடு'ன்னு மட்டும் தேடிட்டு, காமராஜர் ஆட்சியில பட்ஜெட்டே போடலன்னு நீ எழுதுனாலும் எழுதுவே.

நிதிநிலை உரையப் படிச்சா போதும்னு எவனோ சொன்னானாமே. அது கல்யாணப் பத்திரிகைலே. மொய் நோட்டு வேற. மானியக் கோரிக்கைப் புத்தகத்த விரி. ஒரே வரியில நாலு கட்டம் இருக்கும். 2025-26 புத்தகம்னா, மொதக் கட்டம் 2023-24-ல நெசமாவே செலவானது. ரெண்டாவது 2024-25-க்குப் போட்ட மதிப்பீடு. மூணாவது அதையே திருத்திப் போட்டது. நாலாவது புது வருசத்து ஆசை. எல்லாரும் அந்த நாலாவதத்தான் நோட்டுல எழுதிட்டு டீ குடிக்கப் போவாவ. நீயும் எழுது, ஆசையச் செலவுன்னு போட்டாத்தான ஆய்வு பெருசாத் தெரியும்? மேல 'ரூபாய் ஆயிரத்தில்'னு பொடி எழுத்துல இருக்கும். அதக் கண்டுக்காதே, ஒரு கோடி பத்தாயிரமாச் சுருங்கிரும்.

குளத்துக்கு வருவோம். ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்குக் கீழன்னா ஊராட்சி ஒன்றியத்துக் குளம். ஊரக வளர்ச்சித் துறை, 42-ம் கோரிக்கை. அதுக்கு மேலன்னா நீர்வளத் துறை, 40-ம் கோரிக்கை. நீ ஒண்ணுல மட்டும் பாத்துட்டு இன்னொண்ணுக்குக் காசே போகலன்னு முடிவுரை எழுதிரலாம், நல்லா கை தட்டுவாவ.

2021-22-க்கு ரெண்டு பட்ஜெட்டு. தேர்தலுக்கு முன்னால பிப்ரவரியில இடைக்காலம், ஆட்சி மாறுனதும் ஆகஸ்ட்ல திருத்துனது. ரெண்டையும் கலந்தேன்னா சாம்பாரும் இல்ல, ரசமும் இல்ல. அந்த ஆகஸ்ட்லதான் காகிதமில்லா பட்ஜெட்டும் வந்தது; நிதித் துறை இணையதளத்துல இருக்கறத எறக்கிக்கோ, அங்க இல்லாத பழசுக்கு அலமாரிக்குப் போ.

ஒதுக்குன காசு எங்க போச்சுன்னு பாக்கணும்னா சி.ஏ.ஜி-யோட ஒதுக்கீட்டுக் கணக்க எடு. சட்டசபை குடுத்தது எவ்வளவு, செலவழிச்சது எவ்வளவு, செலவழிக்க மாட்டாம சரண்டர் பண்ணுனது எவ்வளவுன்னு எழுதி வச்சிருக்காவ. அந்தப் புத்தகத்த நான் தூசி தட்டித்தான் எடுத்துக் குடுத்திருக்கேன். அம்புட்டுப் பேரு தொடல.

நம்ம ஊர்க் குளத்துப் பேரு பட்ஜெட் புத்தகத்துல கெடைக்கும்னு நம்பாதே. அத அரசாணையில பாக்கணும். துறை, எண், தேதி மூணும் குறிச்சிட்டுப் போ. ஒவ்வொரு துறையும் வருசா வருசம் ஒண்ணுலேர்ந்து எண்ணும். வெறும் 'அரசாணை 27'னு போயி நின்னா எத்தனை இருபத்தேழுலே எடுத்துத் தருவாவ?

சரி, கெளம்பு. வரும்போது நம்ம குளத்து அரசாணைய ரெண்டு ஜெராக்ஸ் போட்டுட்டு வா. ஒண்ணு உன் ஆய்வுக்கு. இன்னொண்ணு எனக்கு, ஆகஸ்ட் 15 கிராம சபையில தலைவர் கிட்ட நான் கொஞ்சம் பேசணும்.