உள்ளே போன வண்டி

புனேயில் டீக்கடை வாசலில் நின்று, "ஏரவாடாவுல உள்ளே போய் எட்டு மாசமாச்சு" என்று ஒருவர் பெருமூச்சு விட்டால் பக்கத்தில் இருப்பவர்கள் கண்ணாடி டம்ளரோடு ஓரடி தள்ளி நிற்பார்கள். ஏரவாடா என்றதும் ஊருக்கு நினைவு வருவது காந்தியடிகளே அடைபட்டிருந்த சிறைச்சாலைதான். "எப்ப வெளியே வருவாராம்?" என்று ஒரு நல்ல மனசுக்காரர் கேட்பார். "மிஸ்திரி சொன்னாத்தான் தெரியும்" என்று பதில் வரும். உள்ளே போனது மகனும் இல்லை, மைத்துனனும் இல்லை, பழைய கார்.

இப்படிப் பழைய காருக்குப் பெருமூச்சு விடும் இனத்தாருக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். ஐ.டி. கம்பெனியில் பெரிய நாற்காலி, அல்லது ராணுவத்திலிருந்து ஓய்வு. நகக்கண்ணில் கொஞ்சம் கரி ஒட்டியிருக்கும். ரிப்பேர் செய்து வந்ததல்ல. மிஸ்திரி ரிப்பேர் செய்யும்போது மூக்கை நுழைத்து நின்றதால் வந்தது. வீட்டில் ஓடுகிற கார் ஒன்றும் உண்டு. அதைப் பற்றி அவர் பேசி யாரும் கேட்டதில்லை.

நான் சொல்லுகிறவரிடம் இருப்பது இரண்டு கதவு ஸ்டாண்டர்டு ஹெரால்டு. சென்னையில் 1961 முதல் 1971 வரை தயாரானது. 948 சிசி எஞ்சின். அதைக் 'கார்' என்று சொன்னால் அவருக்கு முகம் சுண்டிவிடும். ஸ்போர்ட்ஸ் கார் என்று சொல்ல வேண்டும். ஆதாரமும் வைத்திருக்கிறார். இத்தாலியின் மிக்கெலோட்டி வரைந்த உருவம். இதன் சேஸிஸைக் குறுக்கி மாற்றித்தான் இங்கிலாந்தில் 1962இல் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரையே செய்தார்கள். போல்ட்டைக் கழற்றினால் கூரை தனியே வந்துவிடும். கழற்றியும் விட்டார். இப்போது அது மழைக்கு மட்டும் பயப்படுகிற ஸ்போர்ட்ஸ் கார்.

"நம்பிக்கையான மெக்கானிக் ஒருத்தர் வேணும்" என்பது இவருடைய நிரந்தரக் கோரிக்கை. ஆனால் நம்புவதற்கு முன்னால் பரீட்சை உண்டு. முதல் தாள் ஸ்பேனர். இந்த வண்டியின் நட்டெல்லாம் இஞ்சு அளவு. அரை இஞ்சு நட்டுக்கு 13 எம்.எம். ஸ்பேனரை எடுக்கிற பையனைக் கண்டால் அவருக்குப் படபடப்பு வந்துவிடும். அரை இஞ்சு என்பது 12.7, இடைவெளியில் ஸ்பேனர் வழுக்கி நட்டின் ஆறு மூலையும் மொழுக்கையாகிவிடும். "பழனி மொட்டை மாதிரி ஆக்கிட்டான் சார்" என்று ஒரு வாரம் புலம்புவார்.

அதில் தேறியவர்களைக் கவிழ்ப்பது இரண்டாம் தாள். முன்சக்கரத்தின் அடியில் டிரனியன் என்று ஒரு சின்ன உருப்படி. சக்கரத்தைத் தாங்குகிற தண்டு மரையோடு அதற்குள் இறங்கித் திரும்புகிறது. பார்த்தால் கிரீஸ் அடிக்க வேண்டிய இடம்போலவே இருக்கும், அடிக்கக் கூடாது. கெட்டியான 90ஆம் நம்பர் கியர் ஆயில்தான் போட வேண்டும். கிரீஸ் மரைக்குள் இறங்காமல் நின்று, உள்ளே துருவேறி, என்றைக்கோ ஒரு திருப்பத்தில் தண்டு முறிந்து சக்கரம் மடங்கி உட்கார்ந்துவிடும். ஹெரால்டுக்காரர் ஒன்றும் தெரியாதவர்போல் கேட்பார்: "இதுல என்ன போடுவீங்க?" கை கிரீஸ் கன்னைத் தேடிப் போனால், ஆள் அத்தோடு சரி.

குளிரூட்டிய பெரிய சர்வீஸ் சென்டர் ஒன்றிலும் கேட்டுப் பார்த்தார். சீருடைப் பையன் ஸ்கேனரைச் சொருக இடம் தேடி, டாஷ்போர்டுக்கு அடியில் தலைகீழாகப் படுத்து, பயபக்தியோடு எழுந்து, "சிஸ்டத்துல மாடலே வரல சார்" என்றான். பாவம், அவன் சொன்னது உண்மை.

கடைசியில் ஏரவாடாவிலேயே, ஜெயில் ரோடு பக்கத்துச் சந்தில், தகரக் கூரைக்கு அடியில் அகப்பட்டார் மிஸ்திரி. எழுபது தாண்டியவர், மூக்குக் கண்ணாடிக்கு ஒரு காதில் நூல். ஹெரால்டின் பானெட் மட்கார்டுகளோடு சேர்ந்து முன்பக்கமாக வாய் பிளக்கும். டயர் மேலேயே உட்கார்ந்து எஞ்சினைப் பார்க்கலாம். மிஸ்திரி அப்படி உட்கார்ந்து பீடி முடியும்வரை ஒன்றும் பேசவில்லை. ஹெரால்டுக்காரருக்குப் பொறுக்கவில்லை, கேள்வியைப் போட்டார்.

"ஆயில்தான் சாஹேப். ஆனா, நீங்க போட்டு நாலஞ்சு வருஷம் இருக்குமே?"

பரீட்சை வைத்தவர் ஃபெயிலானார். அன்று சரணடைந்தவர்தான்.

அதற்குப் பிறகு வண்டி உள்ளே இருப்பதுதான் வழக்கம், வெளியே வருவது விசேஷம். ஒரு சாமான் நானா பேட் கடைகளில் இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை ஜூனா பஜாரில் தேடுவார். அங்கும் இல்லையென்றால் சென்னைப் புதுப்பேட்டைக்கு மச்சானை அனுப்புவார். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்ததிலிருந்து பழைய ரப்பர் குழாய்களின் கதி பற்றித் தனிக் கவலை. ஐம்பது வயது கடந்த வண்டிகளுக்கு 2021இல் அரசு தனிப் பதிவு கொண்டுவந்தது: நம்பர் பிளேட்டில் 'விஏ' எழுத்து, கட்டணம் 20,000 ரூபாய், அன்றாட ஓட்டத்துக்கு அனுமதி இல்லை. அந்தக் கடைசி விதியை மீற அவருடைய வண்டி ஒருநாளும் ஒத்துழைத்ததில்லை.

மிஸ்திரி யார், கடை எங்கே என்று மட்டும் கேட்கக் கூடாது. பேங்க் பாஸ்வேர்டைக் கூடச் சொல்லிவிடுவார். பழைய பியட் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் வற்புறுத்தியபோது, "அவர் தொழிலை விட்டுட்டு சோலாப்பூர் பக்கம் ஊருக்கே போயிட்டார்" என்றார். மிஸ்திரி அந்த நேரம் இவருடைய கார்புரேட்டரைப் பெட்ரோலில் கழுவிக்கொண்டிருந்தார். போனில் நம்பரைக்கூட 'பல் டாக்டர்' என்று பதிந்து வைத்திருக்கிறார்.

மிஸ்திரியின் பிள்ளைகள் இந்தத் தொழிலுக்கு வரவில்லை என்பதால், இவருக்கு மிஸ்திரியின் உடம்பும் தன் சொத்தில் சேர்த்தி. காலையில் போன் வரும்: "சர்க்கரை மாத்திரை போட்டாச்சா?" பீடியை விடச் சொல்லி மணிக்கணக்கில் உபதேசம். போன மாதம் மிஸ்திரிக்குக் கண்புரை ஆபரேஷன். கண் போனால் மரை போச்சு என்று தானே முன்னின்று நாள் குறித்தார், தானே அழைத்துப் போவதாகவும் சொன்னார்.

வாக்குத் தவறாமல் அதிகாலையிலேயே சந்து முனையில் வந்து நின்றார். ஆட்டோவில். "ஆபரேஷன் டைம் எட்டு மணி மிஸ்திரி. ஹெரால்டை நம்பிக் கிளம்ப முடியுமா?"

மிஸ்திரி கோபித்துக்கொள்ளவில்லை. "அதைத்தான் நானும் சொல்லணும்னு இருந்தேன் சாஹேப்" என்று ஏறிக்கொண்டார்.