ஐந்தில் ஒரு பங்கு திருமணம்: எச்டி வீடியோ டிவிடியாகச் சுருங்கும் முறை குறித்த ஓர் ஆய்வு

கல்யாண வீடியோ எச்டி கேமராவில் பதிவாகி டிவிடியாக வீடு வந்து சேர்வது தமிழகம் நன்கறிந்த நிகழ்வு. இடையில் நடப்பது யாது என்று எந்தச் சம்பந்தியும் வினவுவதில்லை. மொய்க் கணக்கை இருமுறை கூட்டிப் பார்ப்பவர்கள் புள்ளிக் கணக்கில் காட்டும் இந்த அசட்டையே இவ்வாய்வுக்குத் தூண்டுகோல்.

ஃபுல் எச்டி படச் சட்டம் ஒன்றில் 1920 × 1080, அதாவது 20,73,600 புள்ளிகள் உள. நம் நாட்டில் வழங்கும் பால் (PAL) முறை டிவிடிக்கு 720 × 576, ஆக 4,14,720. வகுத்தால் மீதியே இல்லாமல் 5 வருகிறது. எனவே வட்டில் இருப்பது ஐந்தில் ஒரு பங்கு திருமணமே. மண்டப வாடகை முழுத் திருமணத்துக்கும் கட்டப்பட்டது என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

அடுத்தது அகலம். டிவிடியின் புள்ளி சதுரமன்று. அதே 720 × 576-ஐ 4:3 ஆகவும் விரிக்கலாம், 16:9 ஆகவும் விரிக்கலாம். எப்படி என்ற குறிப்பு வட்டில் எழுதப்பட்டிருக்கும். குறிப்பு பிசகி, 16:9 படம் 4:3-க்குள் நெருக்குண்டால் அனைவரும் கால்வாசி மெலிவர். மறுதலையாக இழுபட்டால் மூன்றில் ஒரு பங்கு பருப்பர். முதல் பிழையைப் பற்றி எந்த அத்தையும் வாய் திறப்பதில்லை. இரண்டாவதற்கு வீடியோக்காரரின் பாக்கிப் பணம் நின்றுவிடும். பிழை என்பது தொழில்நுட்பம் சார்ந்ததன்று, உறவுமுறை சார்ந்தது என இவ்வாய்வு துணிகிறது. இரு ஓரங்களையும் வெட்டி 4:3 ஆக்கும் மரபும் உண்டு. அதில் காணாமல் போகும் பெரியப்பாக்கள் தனி ஆய்வுக்குரியோர்.

சரிகை பற்றியும் ஒரு சொல். டிவிடி ஒற்றைப்படை வரிகளையும் இரட்டைப்படை வரிகளையும் மாற்றி மாற்றி நொடிக்கு 50 தடவை காட்டும். ஒரே வரி தடிமனுள்ள சரிகைக் கோடு இவற்றில் ஒன்றில் மட்டும் விழுவதால் துடிக்கும். சுருக்கும்போதே மேல்கீழாகச் சற்று மங்கலாக்கினால் அடங்கும். பழைய டியூப் டிவியில் காஞ்சிப் பட்டு மின்னியதாகப் பெருமைப்பட்ட குடும்பங்கள் இப்பத்தியை மறந்துவிடலாம்.

இனித் தலையாய சிக்கல்: அட்சதை. 4.7 ஜிபி வட்டில் 3 மணி நேரத்தைத் திணித்தால் ஒலியையும் சேர்த்து நொடிக்கு ஏறத்தாழ 3.5 மெகாபிட்தான் கிடைக்கும். படத்துக்கு மட்டுமே 9.8 வரை அனுமதி உண்டு என்பதை நினைவிற்கொள்க. எம்பெக்-2 முறை, படத்தை 16 × 16 புள்ளிக் கட்டங்களாக்கி, முந்தைய படத்திலிருந்து எது எங்கே நகர்ந்தது என்று தேடி, மாறாததைத் திரும்ப எழுதாமல் மிச்சம் பிடிக்கிறது. வரவேற்பு மேடையில் பரிசுப் பெட்டியைப் பிடித்தபடி கேமராவைப் பார்த்து உறைந்து நிற்போர் அதற்கு உகந்த ஜீவன்கள்; அந்த இரண்டு மணி நேரமும் துல்லியம். கெட்டிமேளம் முழங்கியதும் எல்லாக் கைகளிலிருந்தும் அட்சதை பறக்கிறது. ஒவ்வொரு அரிசியும் தன் போக்கில் போகிறது. பிட் போதாமல் படம் கட்டம் கட்டமாக உடைகிறது. தாலி ஏறுவதும் அப்போதுதான்.

பரிகாரம் இல்லாமலில்லை. முழு வீடியோவையும் ஒருமுறை அலசிவிட்டு, அசையாதோரிடம் பிடுங்கிய பிட்டை இரண்டாம் முறை எழுதும்போது அட்சதைக்குக் கொடுக்கலாம். இதற்கு நேரம் பிடிக்கும். இரண்டு வட்டாகப் பிரிக்கலாம். "ஒரே டிவிடியா போட்டுக் குடுங்க தம்பி" என்ற வாக்கியத்தைத் தாண்டி இவ்வழி சென்றவர் அரியர்.

வீட்டிலுள்ள எச்டி டிவி இந்த ஐந்தில் ஒரு பங்கைத் திரை நிறைய விரிக்கிறது. இல்லாத புள்ளிகளை அக்கம்பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்துத் தானே இட்டுக்கட்டுகிறது. ஒப்புநோக்க மூலம் வேண்டுமென்றால், அடுத்த முகூர்த்தத்துக்கு இடம் வேண்டி ஹார்ட் டிஸ்க் எப்போதோ துடைக்கப்பட்டிருக்கும். அகத்தியம் என்னும் பழைய இலக்கண நூல் உரைகளில் மேற்கோளாக மட்டும் எஞ்சியதைப் போல, இங்கும் உரையே துணை. அந்தக் கட்டங்களுக்குள் மூன்றாம் முடிச்சைப் போட்டது பெரிய நாத்தனாரா, சின்ன நாத்தனாரா என்பதில் உரையாசிரியர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. இருவரும் தத்தம் வீட்டு டிவியை ஆதாரம் காட்டுகின்றனர்.